பிலிப்பைன்ஸ்காரங்களுக்குன்னு சொந்தமா என்ன இருக்கு?

6 செப்டம்பர் 2023, கேள்வி

"துபாய்ல என் ஆபீஸ்ல பத்துப் பதினஞ்சு பிலிப்பினோ இருக்காங்க. எதுக்கெடுத்தாலும் பினாய் பிரைட், பினாய் பிரைட்ங்கறாங்க, அதாவது பிலிப்பினோங்கறதுல பெருமையாம். நாட்டோட பேரே ஸ்பெயின் ராஜா பேரு. மதம் ஸ்பெயின்காரன் குடுத்தது, இங்கிலீஷ் அமெரிக்காக்காரன் குடுத்தது, நூடுல்ஸ் சீனாக்காரன் குடுத்தது. பெருமைப்பட சொந்தமா என்னதான் இருக்கு? சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சவங்க சொல்லுங்க."

6 செப்டம்பர் 2023, ராத்திரி

நான் சொல்றேன். சொந்த ஊரு தூத்துக்குடி, பதினோரு வருஷமா கப்பல்ல இன்ஜினியர், இப்ப செகண்ட் இன்ஜினியர். இதுவரைக்கும் ஏறின எல்லா கப்பல்லயும் க்ரூல பாதிக்கு மேல பிலிப்பினோதான். வருஷத்துல ஒம்பது மாசம் அவங்க சமைக்கிறதைத்தான் சாப்பிடறேன், வீட்டுச் சாப்பாட்டை விட அவங்க சாப்பாடுதான் அதிகம் சாப்பிட்டிருப்பேன்.

முதல் கப்பல். ஜுரம், நாக்குக்கு ஒண்ணும் பிடிக்கல. அம்மா கட்டிக் குடுத்த புளி இருந்துச்சு, சீஃப் குக் கிட்ட அனுமதி கேட்டு கிச்சன் மூலைல நானே ரசம் வச்சேன். அவர் பிலிப்பைன்ஸ்ல இலோய்லோ மாகாணத்துக்காரர், அம்பது வயசு இருக்கும், நான் செய்யறதை கையைக் கட்டிக்கிட்டு பாத்துட்டே நின்னார். கரண்டில ஒரு வாய் எடுத்து குடிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "இது சினிகாங். மீனை எங்க விட்டே?"ன்னு கேட்டார்.

மறுநாள் அதே புளில அவர் சினிகாங் வச்சு நான் படுத்திருந்த கேபினுக்கே கொண்டு வந்தார். புளித்தண்ணி, மீன் தலை, முள்ளங்கி, வெண்டைக்காய், நீளமா கீறின பச்சை மிளகா. பக்கத்துல சோறு. பருப்பு கிடையாது, தாளிப்பு கிடையாது, மிளகுத்தூளும் கிடையாது. ஆனா வேர்த்து ஜுரம் இறங்குச்சு பாருங்க, அன்னைக்கு ஆரம்பிச்சது எனக்கு இந்த நாட்டு மேல மரியாதை. சினிகாங்ங்கற பேரையும் அந்தப் புளிப்பையும் ஸ்பெயின்காரன் குடுக்கல, சீனாக்காரனும் குடுக்கல.

7 செப்டம்பர் 2023

அடோபோ ஸ்பெயின் சாப்பாடுதானேன்னு கேட்டிருக்கீங்க. பேரு ஸ்பெயின், சாப்பாடு அவங்களோடது. 1613ல ஒரு ஸ்பெயின் பாதிரியார், மணிலா பக்கம் பேசற தகலாக் மொழிக்கு அகராதி போட்டார். அங்க ஜனங்க இறைச்சியை வினிகர்ல வேக வைக்கறதைப் பாத்துட்டு, அவருக்குத் தெரிஞ்ச சொல்லை வச்சு "உள்ளூர்க்காரங்களோட அடோபோ"ன்னு எழுதினார். உள்ளூர்க்காரங்களோடதுன்னு அவரே சொல்றார், இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

வினிகர் எதுக்குன்னா வெக்கை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல கறி கெடாம இருக்கணும். நம்ம வீட்ல புளி ஊத்தி வச்ச மீன்குழம்பு மறுநாள் இன்னும் ருசியா இருக்கும்ல, அதே கணக்கு, அடோபோவும் மறுநாள்தான் நல்லாருக்கும். சோயா சாஸ் சீனாக்காரங்க கூட வந்ததுதான், அதை ஒத்துக்கறேன். சோயா ஊத்தாம வெள்ளையா வைக்கறதும் இன்னமும் இருக்கு, எங்க குக் அதைத்தான் வைப்பார்.

9 செப்டம்பர் 2023

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். கேள்வி கேட்டவர் மேல எனக்குக் கோவம் இல்ல. ஏன்னா இதே கேள்விய நம்ம நாட்டு சீனியர் ஆபீசர் ஒருத்தர் மெஸ்ரூம்ல சத்தமா கேட்டார். "இவங்களுக்கு ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு சாப்பாடு சொந்தமா உண்டா"ன்னு. மெஸ்மேன் பையன் தட்டை எடுத்துட்டு இருந்தான், இருபத்திரெண்டு வயசு இருக்கும். இங்கிலீஷ்ல கேட்டதால அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. அவன் சிரிச்சான். அந்த சிரிப்பு சிரிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கல. அப்ப ஜூனியர், பயம். இன்னைக்கும் அந்தப் பையன் முகம் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது.

10 செப்டம்பர் 2023

சரி ஒரு சந்தோஷமான விஷயம். கரே-கரேன்னு ஒரு குழம்பு, மாட்டு வாலை வேர்க்கடலை மசாலால வேக வைக்கறது. பேரைப் பாருங்க, கறி-கறி. 1762ல பிரிட்டிஷ்காரன் மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல படை எடுத்துப் போய் மணிலாவைப் பிடிச்சான், 1764 வரைக்கும் வச்சிருந்தான். கூட்டிட்டுப் போன சிப்பாய்கள்ல நிறைய பேர் திரும்பி வராம மணிலா பக்கத்துல கைன்டாங்கற ஊர்லயே கல்யாணம் பண்ணி தங்கிட்டாங்க. அவங்க வச்ச குழம்புதான் கரே-கரே. ஆக நம்மாளுங்க குடுத்தது.

14 செப்டம்பர் 2023

மேல எழுதின கடைசி ரெண்டு வரியையும் வாபஸ் வாங்கறேன். சிப்பாய்கள் போனது, கைன்டாவுல தங்கினது எல்லாம் வரலாறு. குழம்பு அவங்க வச்சதுங்கறது செவிவழிக் கதை. பம்பாங்கா மாகாணத்துக்காரங்க எங்க ஊருதுன்னு சொல்றாங்க, சமையல்னா அந்த நாட்டுலயே அவங்களுக்குத்தான் பேரு. பேரு ஒத்துப்போச்சுன்னு நானே உரிமை கொண்டாடிட்டேன். அஞ்சு நாளைக்கு முன்னாடி அந்த ஆபீசரைக் குத்தம் சொல்லிட்டு அடுத்த நாளே அதே காரியத்தை நானும் பண்ணியிருக்கேன், அவர் திட்டிப் பிடுங்கினார், நான் பாராட்டிப் பிடுங்கினேன், அவ்வளவுதான்.

22 செப்டம்பர் 2023

ஒரு வாரம் கழிச்சு வந்து பாத்தா, நம்ம வார்த்தை மாதிரியே இருக்கற பிலிப்பைன்ஸ் வார்த்தைகளோட பட்டியல் இங்க ஓடிட்டு இருக்கு. குரோன்னா ஆசிரியர், முகான்னா முகம், ஆசான்னா நம்பிக்கை, சக்சின்னா சாட்சி, திவாதான்னா தேவதை, மங்கான்னா மாங்கா. எல்லாம் சரிதான். நானும் ஒண்ணு சேக்கறேன். 1989ல லகுனா மாகாணத்துல ஆத்துல மண்ணு அள்ளும்போது ஒரு செப்பேடு கிடைச்சுது. சக வருஷம் 822, அதாவது கி.பி. 900. ஒருத்தர் பட்ட கடன் தீர்ந்துச்சு, அவர் புள்ளைங்க கிட்ட இனிமே யாரும் கேக்கக்கூடாதுன்னு எழுதிக் குடுத்த பத்திரம். பழைய மலாய் மொழி, காவின்னு சொல்ற பழைய ஜாவா எழுத்து. அந்தக் காவி எழுத்து பல்லவர் எழுத்துல இருந்து பிரிஞ்சு வளர்ந்தது. படிக்கறப்ப எனக்கும் புல்லரிச்சுது.

ஆனா இங்க நாலஞ்சு பேர் "பாத்தீங்களா, எல்லாம் நாம குடுத்ததுதான்"னு முடிச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் ஒப்புக்கல. மேல ஸ்பெயின் குடுத்தான் சீனா குடுத்தான்னு சொன்னாங்க, இப்ப வரிசைல நாமளும் போய் நின்னாச்சு. அந்தப் பத்திரத்தை எழுதினவன் அவன் ஊர்க்காரன், கடன் அவன் ஊர்க் கடன், தங்கம் அவன் ஊர்த் தங்கம். எழுத்து கடல் தாண்டிப் போச்சு, அவ்வளவுதான். மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ பக்கத்துல இருந்து நமக்கு வந்தது. அதுக்காக மெக்சிகோக்காரன் வந்து உங்கம்மா வைக்கற காரக்குழம்பு என்னோடதுன்னா சும்மா விடுவோமா?

23 செப்டம்பர் 2023

ஸ்பானிஷ் பேரு ஏன் வச்சுக்கறாங்கன்னு கேட்டதுக்கு: அவங்களா வச்சுக்கல. 1849ல ஸ்பெயின் கவர்னர் ஒரு பேர்ப் பட்டியலைக் குடுத்து இதுல இருந்து குடும்பப் பேர் எடுத்துக்கணும்னு உத்தரவு போட்டான், கணக்கு வச்சு வரி வசூலிக்க வசதியா. சில ஊர்ல முழு ஊருக்கும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கற பேரா குடுத்துட்டாங்க. அந்தப் பட்டியல்ல ஸ்பானிஷ் மட்டும் இல்ல, உள்ளூர்ப் பேரும் இருந்துச்சு.

3 அக்டோபர் 2023

இன்னைக்கு லீவு, மழை. ரொம்ப நாளா யார் கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது ஒண்ணு.

2018. எங்க கப்பல் மெக்சிகோவுல மன்சானியோ துறைமுகத்துக்குப் போச்சு, பசிபிக் பக்கம், கோலிமா மாநிலம். சாயங்காலம் நாலு மணி நேரம் ஷோர் லீவ் கிடைச்சுது. நானும் போசனும் இன்ஜின் ரூம் ஆயிலர் ஒருத்தரும் கடற்கரை ரோட்ல நடந்துட்டு இருந்தோம். போசன்னா டெக் ஆளுங்களுக்குத் தலைவர். அவர் விசயாஸ்காரர், நடு பிலிப்பைன்ஸ் தீவுகள், இலோய்லோ மாகாணம், கடலோர கிராமம். அவங்கப்பா தென்னை மரம் ஏறி கள்ளு இறக்கினவர். அதை அங்க துபான்னு சொல்வாங்க. இந்தக் கதையெல்லாம் நைட் வாட்ச் முடிஞ்சு டீ குடிக்கறப்ப சொல்லியிருக்கார். எங்க தாத்தா உடன்குடி பக்கம் பனை ஏறினவர்னு நான் சொன்னதுல இருந்துதான் எங்களுக்குள்ள நெருக்கமே ஆச்சு. ரெண்டு பேரும் மரம் ஏறினவன் வீட்டுப் புள்ளைங்க.

ரோட்டோரம் ஒருத்தன் தோள்ல கம்பு போட்டு பெரிய சுரைக்குடுக்கைய தொங்க விட்டுட்டு வர்றான். குடுக்கை வாயில மக்காச்சோளத் தண்டை அடைப்பா சொருகியிருக்கான். வாயில ஒரே கூவல்: "துபா! துபா!"

போசன் அப்படியே நின்னுட்டார். எனக்குப் புரியல, பர்ஸைத் தொலைச்சுட்டாரோன்னு நெனச்சேன். அவர் அந்த ஆள் கிட்ட போய் குடுக்கையைக் கையால தொட்டுப் பாக்கறார். "துபா?" "சி, துபா." "கோகோ?" "சி, கோகோ." சின்னா ஆமா, கோகோன்னா தேங்காய். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பாஷை இல்ல. பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி மேல வறுத்த வேர்க்கடலை தூவிக் குடுத்தான். இளஞ்சிவப்புக் கலர், இனிப்பு, லேசா பொங்கின வாசம். தென்னம்பாளைல இருந்து இறக்கினதுதான், நாக்குல வச்சதுமே எனக்கே தெரிஞ்சுது. போசன் ஒரே மூச்சுல குடிச்சுட்டு டம்ளர் அடியில ஒட்டியிருந்த கடலையை விரல்ல எடுத்து தின்னுட்டே அழறார். நாப்பத்தெட்டு வயசு ஆளு. புயல்ல ஹேட்ச் கவர் மேல கயித்தைப் பிடிச்சு நின்ன ஆளு.

இது எப்படி அங்க போச்சுன்னா, 1565ல இருந்து 1815 வரைக்கும் மணிலாவுக்கும் மெக்சிகோவுல அகாபுல்கோவுக்கும் ஸ்பெயின்காரன் பெரிய கப்பல் விட்டான். போக்குல பட்டும் பீங்கானும், வரத்துல வெள்ளி. கப்பலைக் கட்டினதும் உள்ளூர் ஆளுங்க, ஓட்டினதும் பெரும்பாலும் அவங்கதான். பசிபிக்கைக் குறுக்க கடக்க மாசக்கணக்கா ஆகும், பாதி பேர் வழியிலயே செத்துப் போன பயணமெல்லாம் உண்டு. அந்தக் கரை சேர்ந்தவங்கள்ல நிறைய பேர் திரும்பக் கப்பல் ஏறவே இல்ல. கோலிமா பக்கம் தங்கி, தென்னை வச்சு, ஊர்ல அப்பன் தாத்தா இறக்கின மாதிரி கள்ளு இறக்கினாங்க. மரம், தொழில், பேரு மூணும் அங்கயே வேர் விட்டுடுச்சு. அந்த நாட்டு மாம்பழத்துல ஒரு வகைக்கு மணிலான்னே பேரு.

கப்பலுக்குத் திரும்பறப்ப போசன் டாக்ஸில சொன்னார்: "செகண்ட், நாங்க கப்பல் வேலைக்குப் போனது இப்ப இல்ல. எங்கப்பா இருபத்தஞ்சு வருஷம் மரம் ஏறினார், அவர் தொழில் அவருக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்கு, இதை அவர் தெரிஞ்சுக்காமலே செத்துட்டார்." அப்ப நான் தேர்ட் இன்ஜினியர்தான், சந்தோஷத்துல ப்ரமோஷன் குடுத்துட்டார். நான் திருத்தல.

4 அக்டோபர் 2023

சின்ன விளக்கம். கள்ளு சிவப்பா இருக்குமான்னு கேட்டிருக்கீங்க. விசயாஸ்ல சதுப்புநில மரப்பட்டையை இடிச்சு துபாவுல போடுவாங்க, அதுல செங்கல் கலர் வரும், லேசா துவர்க்கும், சீக்கிரம் புளிக்காது. நம்ம ஊர்ல பதநீர் புளிக்காம இருக்க கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவற மாதிரி. புளிக்க விட்டா அதுவே வினிகர், அந்த வினிகர்தான் அடோபோவுக்கும் போகுது. போசன் வீட்டு அடுப்படில ஒரு பாட்டில்ல இஞ்சி, பூண்டு, காந்தாரி மிளகா மாதிரி சின்ன மிளகா எல்லாம் ஊறிட்டு நிக்கும், தீரத் தீர மேல துபா வினிகர் ஊத்திக்குவாங்க.

1 நவம்பர் 2023

நேத்து இலோய்லோ நகரத்தை யுனெஸ்கோ சமையல்கலை நகரமா அறிவிச்சிருக்கு! பிலிப்பைன்ஸ்ல இந்தப் பட்டம் வாங்கற முதல் நகரம். காலைல நாலு மணிக்கு போசன் வாய்ஸ் மெசேஜ், பின்னாடி அவர் வீட்டு சேவல் கூவுது, அவர் சத்தத்துல சேவல் சத்தம் எடுபடல.

2019ல அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல நுழையறப்பவே வளர்ந்த பசங்க வரிசையா வந்து என் கையைப் பிடிச்சு அவங்க நெத்தில வச்சுக்கிட்டாங்க, பெரியவங்களுக்குக் குடுக்கற மரியாதை. எனக்கு முப்பதுதான். கூச்சமாப் போச்சு. அவங்கம்மா என்னை "டோட்டோ"ன்னு கூப்பிட்டாங்க, அந்தப் பக்கம் தம்பின்னு சொல்ற மாதிரி. உக்காருன்னு சொல்றதுக்கு முன்னாடி "காவ்ன் தா", வா சாப்பிடுவோம்.

அன்னைக்கு வச்சது கேபிஎல். கடியோஸ், பாபோய், லங்க்கா. கடியோஸ்னா துவரை. உடைச்ச பருப்பு இல்ல, தோலோட கருஞ்சிவப்பு முழு துவரை. லங்க்கா பலா, பிஞ்சுப் பலாக்காயைத் துண்டு போட்டது. பாபோய் பன்னி. இதுல புளிப்புக்குப் புளி போடல, பத்துவான்னு உருண்டையா ஒரு காய், நம்ம குடம்புளி இனம்தான். துவரம்பருப்பை நாம வேற எத்தனையோ விதமா சமைக்கறோம், இந்த ஊதாக் கலர் குழம்பு நம்ம புத்திக்கு எட்டவே இல்ல. கூட முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு. அங்க கமுங்கைன்னாங்க, மணிலா பக்கம் மலுங்கை, வடக்க இலோகோஸ்ல மருங்கையாம்! (தெரியும், தெரியும், வார்த்தைப் பட்டியலை வச்சு உரிமை கொண்டாட வேணாம்னு நான்தான் சொன்னேன். இதை மட்டும் விட மனசு வரல.)

அவங்கம்மா சாப்பிடல. நான் சாப்பிடறதைப் பாத்துட்டே ஒரு தட்டால ஈ ஓட்டிட்டு இருந்தாங்க. "நமிட்?"னு கேட்டாங்க, ருசியா இருக்கான்னு. "நமிட் கிட்"னு போசன் சொல்லிக் குடுத்ததை சொன்னேன். அந்தம்மா முகத்துல வந்தது இருக்கே, யுனெஸ்கோ நேத்துதான் பாத்திருக்கு, நான் நாலு வருஷம் முன்னாடியே பாத்துட்டேன்.

12 நவம்பர் 2023

"இவ்வளவு பெருமைன்னா ஏன் எல்லாரும் நாட்டை விட்டுப் போறாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி, மூணு நாளா மனசுல ஓடுது.

சம்பளம் அங்க இல்ல, அதனால போறாங்க. வருஷத்துக்கு 3,000 கோடி டாலருக்கு மேல வெளிய இருந்து வீட்டுக்கு வருது. கப்பல்காரங்களுக்கு சட்டமே இருக்கு, அடிப்படைச் சம்பளத்துல 80 சதவீதம் நேரா வீட்டு அக்கவுண்டுக்குப் போயிடணும். அதிபரா இருந்த கோரி அக்கினோ 1988ல ஹாங்காங்ல வீட்டு வேலை பாக்கற பொண்ணுங்க கிட்ட நீங்கதான் புது வீரர்கள்னு சொன்னாங்க. போசனுக்கு அந்த வார்த்தை பிடிக்காது. "வீரன்னு சொன்னா திரும்பி வர சொல்ல மாட்டாங்க"ன்னார். அவர் பொண்ணு பொறந்ததுல இருந்து அவ பிறந்தநாளுக்கு ரெண்டே தடவைதான் வீட்ல இருந்திருக்கார்.

2020ல கொரோனா, ஆள் மாத்த எந்தத் துறைமுகமும் விடல. எங்க ஒம்பது மாச காண்ட்ராக்ட் பதிமூணு மாசம் ஆச்சு. அந்த மாசங்கள்ல அவர் பொட்டி கட்டினார். அட்டைப்பெட்டி. சோப்பு, டூத்பேஸ்ட், டப்பாக் கறி, துண்டு, சாக்லேட், பொண்ணுக்கு ஷூ. ஷூவுக்குள்ள சாக்லேட்டை திணிச்சு இடம் பண்ணுவார். நாலு பக்கமும் மார்க்கர்ல பேரு, டேப் மேல டேப். ஊருக்குப் போற தேதி தள்ளிப் போச்சுன்னா ராத்திரி பொட்டியைப் பிரிச்சு திரும்ப அடுக்குவார். மூணு தடவை. மூணாவது தடவை ஷூ சைஸ் பத்தாதுன்னு அவருக்கே தோணிடுச்சு, எடுத்து தனியா வச்சுட்டார். அப்பவும் சாயங்காலம் மைக்கைப் பிடிச்சு பாடினார்.

நான் போன தடவை பெருமை பெருமைன்னு எழுதறப்ப இதை விட்டுட்டேன். எங்க இருக்காங்களோ அங்க ஒரு சட்டி சினிகாங் வச்சு அதை ஊராக்கிக்கறாங்க. ஊர்ல இருந்திருந்தா இவ்வளவு சத்தமா சொல்ல வேண்டியிருந்திருக்காதுன்னு இப்ப தோணுது.

17 டிசம்பர் 2023

போன வாரம் புதுக் கப்பல்ல ஏறிட்டேன். நெட் கொஞ்சமாத்தான் கிடைக்குது. போசன் இந்தக் கப்பல்ல இல்ல, ஊர்ல இருக்கார், பொண்ணுக்குப் பதினாறு.

இங்க செப்டம்பர்லயே கிறிஸ்துமஸ் ஆரம்பிச்சாச்சுன்னு சொன்னாங்க, மாசப் பேர் 'பர்'னு முடிஞ்சா அவங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான். ஃபிட்டர் வெல்டிங் ராடை வளைச்சு அஞ்சு முனை நட்சத்திரம் கட்டியிருக்கார், பரோல்னு பேரு, மெஸ்ரூம் வாசல்ல தொங்குது. கலர் பேப்பர் இல்லாததால ப்ரெட் கவர். உள்ள டார்ச் பல்பு. ஊர்ல நேத்து விடிகாலைல இருந்து ஒம்பது நாள் பூசை ஆரம்பம், பூசை முடிஞ்சு வெளிய வந்தா மூங்கில் குழாய்ல வேக வச்ச ஊதா அரிசிப் புட்டு, மேல தேங்காய்த்துருவல், நாட்டுச் சக்கரை. இங்க அரிசி மாவு இருக்கு, மூங்கில் இல்ல. குக் ஸ்டெயின்லெஸ் பைப் துண்டு கேட்டு இன்ஜின் ரூமுக்கு ஆள் அனுப்பியிருக்கார். புதுசா அறுத்து, நுனியை அரம் போட்டு, ரெண்டு தடவை கொதிதண்ணில கழுவிக் குடுத்தேன்.

21 ஜனவரி 2024

கேள்வி கேட்ட நண்பர் மெசேஜ் பண்ணியிருந்தார். ஆபீஸ்ல ஒரு அக்கா சினிகாங் டப்பால கொண்டு வந்து குடுத்தாங்களாம், வீட்ல வச்சுப் பாக்கணும், எப்படின்னு கேக்கறார்.

புளி எலுமிச்சம்பழ அளவை விடக் கொஞ்சம் கூட, ரசத்துக்கு எடுக்கறதை விட கெட்டியா கரைங்க. தண்ணில வெங்காயம், தக்காளி போட்டு கொதிக்க விட்டு முள்ளங்கி முதல்ல, அது பாதி வெந்ததும் வெண்டைக்காய், பச்சை மிளகா முழுசா. புளித்தண்ணி அப்புறம். மீன் கடைசி, அஞ்சாறு நிமிஷம் போதும், கரண்டி போட்டு கிண்டாதீங்க. கீரை அடுப்பை அணைச்ச பிறகு. தாளிக்கக் கூடாது, கை அரிச்சாலும் தாளிக்கக் கூடாது. ஊத்திக் குடுக்கறப்ப அந்த அக்காவுக்கு ஒரு டப்பா தனியா எடுத்து வச்சுடுங்க, மீன் தலை அவங்களுக்கு.